இனிமேல் எங்கேயும் நிற்க வேண்டாம்

அரியமங்கலத்துப் பட்டறையில் எங்கள் பிக்கப் வண்டிக்கு இரண்டாவது டீசல் டேங்க் மாட்டிய அன்று, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய ஆள் நான். டேங்க் எனக்காகத்தான். என் கணவர் அப்படித்தான் சொன்னார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் குனிந்து, "இவங்களுக்காகத்தாண்ணே இந்த வேலையே. டீசல் முள்ளு கொஞ்சம் இறங்கினாப் போதும், பயந்துடுவாங்க" என்றார். மெக்கானிக் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

டேங்க் ஏதோ ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றியது. உள்ளே கழுவி, வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்து, வண்டியின் இடது பக்கம் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். எஞ்சினுக்குப் போகிற குழாய் ஒன்று, எஞ்சின் குடித்தது போக மிச்சம் திரும்பி வருகிற குழாய் ஒன்று. இரண்டையும் பழைய டேங்குக்கும் புது டேங்குக்கும் மாற்றிவிட ஒரு லிவர். அதை எங்கே வைப்பது என்று மெக்கானிக் கேட்டார்.

"அவங்க காலடியிலயே வெச்சிடுங்க. பயம் அவங்களுக்குத்தானே, மாத்துற வேலையையும் அவங்களே பாக்கட்டும்."

மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இடது பக்கம் தள்ளினா பழைய டேங்க். வலது பக்கம் தள்ளினா புது டேங்க். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. ரெண்டும் அடைச்சுக்கும், வண்டி நின்னுடும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எஃப்.சி.க்குக் கொண்டுபோறப்ப இங்க வாங்க, கழட்டித் தரேன். இதோட போனா கேள்வி கேப்பாங்க."

அவர் சொன்னதில் ஒரே ஒரு விஷயம்தான் என் மனதில் ஒட்டியது. நடுவில் வைத்தால் வண்டி நின்றுவிடும்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி என் கணவர் சொன்னார்: "இனிமே எங்கயும் நிக்க வேண்டாம். இங்க ரொப்பிட்டுக் கெளம்புனா மெட்ராஸ் போயிட்டுத் திரும்பி இங்கதான். நீ நிம்மதியா வரலாம்."

"ம்" என்றேன்.

அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் கைப்பிடிச் சுவர். பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனாலும் "ம்" என்றுதான் சொன்னேன்.

எங்கள் தொழில் வாழை இலை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரத் தோப்புகளில் விடியற்காலையில் அறுப்பார்கள். அவர் போய் வாங்கி வருவார். நான் உட்கார்ந்து கிழிந்ததைக் கழித்து, நுனி இலையைத் தனியாக, நறுக்கிய ஏட்டைத் தனியாகக் கட்டி அடுக்குவேன். மேலே நனைத்த கோணிகளைப் போர்த்தி, ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் தாம்பரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷன் சாப்பாடு தொடங்கிவிடும். பந்திக்கு இலை இல்லை என்றால் மாப்பிள்ளையே வந்தாலும் சமையல்காரர் கரண்டியைத் தூக்க மாட்டார்.

முதலில் அவரும் ஒரு லோடுமேனும்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். லோடுமேன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வாரம், மத்தியானம் சாப்பிட்ட களைப்பில் திண்டிவனம் பக்கம் இவர் கண்ணயர்ந்துவிட்டார். வண்டி நடுச்சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. கண்ணாடி போனது, பாதி இலை ரோட்டில் போனது. இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "இனிமே நான் கூட வரேன்" என்றேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாகத்தான் ஏறி அந்த இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எட்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அதற்குப் பாட்டெல்லாம் உதவாது, பாட்டுப் போட்டால் இன்னும் நன்றாகத் தூங்குவார். சண்டைதான் சரி. அவருடைய தங்கை வளைகாப்புக்கு அவர் என்னைக் கேட்காமல் புடவை எடுத்ததை நான் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் தொடங்கினால் செங்கல்பட்டு வரை தாராளமாக வரும். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். மண்டப மேனேஜர் இலை கிழிந்திருக்கிறது என்று ஆரம்பித்தால், என் கணவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நான்தான் மல்லுக்கு நிற்பேன்.

அப்படிப்பட்ட வாய்க்கு வராத ஒன்று உண்டு. வழியில் இறங்க வேண்டும் என்று சொல்ல வராது. ஏன் இறங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்குமே, அது வராது.

நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கே போவதானாலும் பாஸ் வாங்கி ரயிலில்தான் போவோம். ரயிலில் அந்தக் கவலையே கிடையாது, யாரிடமும் கேட்க வேண்டாம், எழுந்து போனால் போதும். வீட்டில் அப்பா, மூன்று அண்ணன்கள். பின்கட்டில் இருந்த கழிவறைக்கு நானும் அம்மாவும் போவதென்றால் கையில் துவைக்கிற துணி ஏதாவது இருக்கும். துவைக்கப் போகிறோம் என்றுதான் பெயர். அம்மா எனக்கு அதை ஒருநாளும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணால் காட்டுவாள், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த வீட்டிலும் மாமனார், கொழுந்தனார் என்று ஆண்கள் நிறைய. துணியோடு போவது தொடர்ந்தது. எந்த ஆணிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாமலே நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

ஆண்களுக்கென்ன. வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது. என் கணவர் அதையும் நாசூக்காகத்தான் செய்வார். "டயரைத் தட்டிப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போவார். டயரைத் தட்டுகிற சத்தமும் ஒப்புக்கு ஒரு தரம் கேட்கும். நான் ஜன்னல் வழியாக வேறு பக்கம் பார்ப்பேன். டோல்கேட்டில் கழிவறை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பூட்டியிருக்கும். பூட்டாமல் இருந்தால் ஏன் பூட்டவில்லை என்று தோன்றும். அதற்கும் முதலில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் நான் டீசலுக்குப் பயப்பட ஆரம்பித்தேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பங்க் உண்டு. திருவானைக்காவலில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அங்கே நிற்கவே அவசியமில்லை, தாம்பரம் போய்த் திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த பங்க் நெருங்கும்போது எனக்குப் பயம் வந்துவிடும்.

"ஏங்க, முள்ளு பாதிக்குக் கீழ போயிடுச்சு."

"பாதி இருக்குல்ல?"

"எனக்குப் பயமா இருக்குங்க. நடுரோட்டுல நின்னுட்டா என்ன பண்றது?"

முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கம் திருப்புவார். அவர் டீசல் போட இறங்கும்போது, "காலை நீட்டிக்கிட்டு வரேன்" என்று நானும் இறங்குவேன். அங்கே டீசல் போடுகிறவர்களில் ஒரு பெண் உண்டு, என் வயதுதான் இருக்கும். கழிவறைச் சாவி அவளிடம்தான். தொலையாமல் இருக்கப் பழைய பேரிங் ஒன்றில் கோத்து வைத்திருப்பாள். முதல் தடவை நான் தயங்கி நின்றபோதே அவள் ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டினாள். அப்புறம் எங்கள் வண்டி உள்ளே நுழையும்போதே அந்த பேரிங் அவள் கையில் இருக்கும். எட்டு வருடத்தில் நாங்கள் பேசியது பத்து வாக்கியம்கூட இருக்காது. ஆனாலும் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் பயத்தை என் கணவர் அப்படியே நம்பிவிட்டார். ஒரு மனிதர் இவ்வளவு நம்புவார் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே இவளுக்கு நடுரோட்டில் நின்றுவிடுவோமோ என்று கிலி, பாவம், வாரம் இரண்டு தரம் இந்தப் பயத்தோடே எனக்காகக் கூட வருகிறாள் என்று எட்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்து, ஒரு நல்ல நாள் பார்த்து டேங்க் மாட்டிவிட்டார். மாட்டியதோடு விட்டாரா, எல்லோரிடமும் சொன்னார். திருவானைக்காவல் பங்க்கில் சொன்னார், தோப்புக்காரரிடம் சொன்னார், மண்டபத்துச் சமையல்காரரிடம் சொன்னார். "வீட்ல பயப்படுறாங்கன்னு ரெண்டாவது டேங்க் போட்டேங்க." சமையல்காரர் என்னிடம் வந்து, "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்றார். நானோ கழிவறைக்கு ஓடுகிற அவசரத்தில் இருந்தேன்.

முதல் பயணத்தில் அந்த பங்க் என் ஜன்னல் பக்கமாக அப்படியே கடந்து போனது. அந்தப் பெண் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினாளா, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தாளா, தெரியவில்லை. பழக்க தோஷத்தில் முள்ளைப் பார்த்தேன். "பழைய டேங்க் காலியானா என்ன, லிவரைத் தள்ளு, அவ்வளவுதான். இப்ப பயம் இல்லைல்ல?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

நாலு மணிக்கு மண்டபத்தில் இறங்கி, சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த கழிவறைக்கு ஓடினேன். கட்டுகளை எண்ணி இறக்கக்கூட நிற்கவில்லை. அன்று முடிவு செய்தேன், இனிமேல் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் கிடையாது.

அப்படித்தான் செய்தேன். வைகாசி வெயில், கேபினுக்குள் எஞ்சின் சூடு வேறு. நடுவழியில் ஒரு புளியமரத்தடியில் ஐந்து நிமிடம் நிறுத்தி, கேனில் கொண்டுபோகிற தண்ணீரைக் கோணிகள் மேல் ஊற்றுவோம். இலை வாடக் கூடாதே. அந்தத் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தை அந்த நிலையில் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இலையெல்லாம் குளிர்ந்து கிடக்கும். நான் நாக்கு வறண்டு, இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு, கேனைப் பிடித்து நிற்பேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகத்தான் இருக்கும், ஆனால் பஸ் போகாத நிமிடம் இருக்காது. பஸ் ஜன்னல் முழுக்கக் கண்கள்.

ஒரே மாதத்தில் எரிச்சல் வந்துவிட்டது. அடக்கினால் எரிச்சல், போனால் அதைவிட எரிச்சல். தில்லைநகரில் ஒரு லேடி டாக்டரிடம் தனியாகப் போனேன். "தண்ணி எவ்வளவும்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். நிறையக் குடிப்பேன் என்றேன். அவர் ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும். பயமுறுத்தறதுக்காகச் சொல்லல" என்றார். மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். இவர் என்னவென்று கேட்டார். உடம்பு சூடு என்றேன்.

சூடு என்றால் அவர் சும்மா இருப்பாரா? அடுத்த பயணத்திலிருந்து சமயபுரம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, ஒரு இளநீர் வெட்டி வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். "முழுசாக் குடி. வழுக்கை போடச் சொல்லவா?" என்று பக்கத்திலேயே நின்றார். இளநீருக்காக நிற்கத் தெரிகிற மனிதர். அதை நான் கீழே கொட்டவும் முடியாது, குடிக்கவும் முடியாது. குடித்தேன். விழுப்புரம் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. என்ன என்றதற்கு, அவருடைய தங்கை விஷயம் ஞாபகம் வந்துவிட்டது என்றேன்.

சொல்லிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். டேங்க் மாட்டுவதற்கு முன்னால் என்றால் ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்த வார்த்தையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக நான் பயந்ததெல்லாம் நாடகம், நீங்கள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிற டேங்க் எனக்கு வேண்டாதது, அது என்னைக் கொல்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு கெட்ட மனிதராக இருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன். இவர் மேல் கோபம் கோபமாக வந்தது, ஆனால் கோபப்பட ஒரு காரணம்கூட அவர் கொடுக்கவில்லை.

கடைசியில் லிவர்தான் வழி என்று தோன்றியது. இரண்டு நாள் யோசித்துத் தயாரித்த திட்டம். பங்க் கண்ணில் படும்போது லிவரை நடுவில் வைத்துவிட வேண்டும். எஞ்சின் இருமும். என்னமோ கோளாறு என்று அவர் பங்க்குக்குள் திருப்பிவிடுவார். அவர் பானெட்டைத் திறந்து பார்க்கிற நேரத்தில் நான் போய் வந்துவிடலாம். பிறகு யாரும் பார்க்காமல் லிவரைச் சரியாகத் தள்ளிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். கைவிரலால் சுவிட்ச் போடுகிற மாதிரி என்று நினைத்தேன்.

அன்று முழு லோடு, இரண்டு மண்டபத்துக்கு இலை. இளநீரும் உள்ளே போயிருந்தது. தொழுதூர் தாண்டும்போதே எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. உளுந்தூர்பேட்டை போனது. தூரத்தில் பங்க்கின் உயரமான பலகை தெரிந்தது. செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, புது டேங்க் பக்கம் இருந்த லிவரை இழுத்து நடுவில் நிறுத்தினேன்.

எஞ்சின் இருமவில்லை. பங்க் வந்தது. சிவப்பு நாற்காலி வந்தது, அந்தப் பெண் யாருக்கோ டீசல் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நல்ல வேகத்தில், ஒரு குறையும் இல்லாமல், பங்க்கைத் தாண்டிப் போனது. ஃபில்டரிலும் குழாயிலும் இருக்கிற டீசலில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பங்க் பின்னால் சின்னதாகிப் போனபிறகுதான் எஞ்சின் ஒரு தரம் இருமி, இரண்டு தரம் குலுங்கி, அடங்கியது. அவர் உருட்டிக்கொண்டே போய் ஓரத்தில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் அறுத்த வயல். சாலையோரத்தில் சீமைக்கருவேலம் நாலைந்து. வேறு ஒன்றுமே இல்லை.

எட்டு வருடமாக நான் பொய்யாகப் பயந்த அதே நடுரோடு.

அவர் இறங்கியதும் லிவரைப் பழையபடி தள்ளிவிட்டேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. எனக்கு வியர்த்தது. அடைத்ததைத் திறந்தாயிற்றே, ஏன் பிடிக்கவில்லை என்று புரியவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பயப்படாத, ரெண்டு நிமிஷம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பானெட்டுக்குள் குனிந்தார். நான் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

"லைன்ல காத்து பூந்திருக்கு" என்றது மெக்கானிக்கின் குரல். "லிவர் நடுவுல இருக்கா பாருங்க."

"இல்லண்ணே. சரியா வலது பக்கம்தான் இருக்கு."

"யாராச்சும் கைய வெச்சாங்களா?"

"யார் வெக்கப் போறா? நானும் இவங்களும்தான். இவங்க எப்படிண்ணே வெப்பாங்க, டீசலுக்கே பயப்படுற ஆளு."

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். போனில் மெக்கானிக் "என்னது?" என்றார். இவர் போனை அணைத்தார்.

"ஏன்?"

"பங்க்ல நிக்கணும்னு."

"ரெண்டு டேங்க்லயும் டீசல் இருக்கே."

"டீசலுக்கு இல்லீங்க. எனக்குப் போகணும்."

"எங்க போகணும்?"

நிஜமாகவே கேட்டார். எங்கே போக வேண்டும் என்று, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார். எனக்குள் எதுவோ அறுந்தது.

"ஒன்னுக்குப் போகணுங்க" என்று கத்தினேன். "எட்டு வருஷமா அந்த பங்க்ல நான் அதுக்குத்தான் எறங்கினேன். முள்ளுக்கு எவ பயந்தா? உங்க டேங்க் வந்ததுலேருந்து நான் தண்ணி குடிக்கல. சூடு இல்ல, உள்ள புண்ணாகிக் கெடக்கு. டாக்டர் கிட்னி போயிடும்னு சொல்றாங்க. நீங்க எளநீ வாங்கித் தர்றீங்க."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் காற்றில் என் புடவை அடித்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, தரையைத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவர் வண்டி மேல் ஏறியிருந்தார். கயிற்றை அவிழ்த்து, இலைகள் மேலிருந்த ஈரக் கோணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். பன்னிரண்டரை மணி வெயில் நேராக நுனி இலைகள் மேல் விழுந்தது.

"இலை வாடிடுங்க" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"வாடட்டும்."

வண்டியின் பின்கதவுக்கும் ஒரு கருவேல மரத்துக்கும் இடையே கயிற்றைக் கட்டினார். அதன் மேல் கோணிகளைத் தொங்கவிட்டார். ஒரு பக்கம் இடைவெளி இருந்தது. அங்கே ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். கோணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போனேன். எரிச்சலில் உயிர் போனது, அழுதேன், அழுதது நிம்மதியாகவும் இருந்தது. நான் வெளியே வரும்வரை அவர் அந்தத் துண்டைத் தாழ்த்தவில்லை.

பிறகு கோணிகளைப் போர்த்தினோம். எனக்கு ஃபில்டருக்கு மேலே இருந்த கைப்பம்பைக் காட்டி அழுத்தச் சொன்னார். ஒரு திருகைத் தளர்த்தினார். முதலில் நுரையாக வந்தது, அழுத்த அழுத்த நுரை குறைந்து டீசல் மட்டும் வந்தது. திருகை இறுக்கிவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினார். நாலாவது தரத்தில் எஞ்சின் பிடித்தது.

வண்டி திண்டிவனத்தை நெருங்கியது. நான் சண்டை எதையும் எடுக்கவில்லை, அன்று அவர் தூங்க மாட்டார் என்று தெரியும்.

"எட்டு வருஷமாவா?" என்றார்.

"ம்."

"அப்ப டீசலுக்குப் பயமே இல்லையா உனக்கு?"

"இல்லீங்க."

கொஞ்ச தூரம் போனபிறகு, "நான் வேற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். சிரிப்பதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்தில் மேல் அடுக்கு இலையெல்லாம் ஓரம் சுருண்டிருந்தது. மேனேஜர் சத்தம் போட்டார். வழக்கம்போல் நான் முன்னால் போவதற்குள் என் கணவர் போய், "எங்க தப்புதாங்க, அந்தக் கட்டெல்லாம் எடுத்துக்கறோம்" என்றார். அவர் ஒரு மேனேஜரிடம் நேருக்கு நேர் நின்று பேசி நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்குத் திரும்பியபிறகும் அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாய் விட்டு ஒரு தரம் வந்ததே பெரிசு என்பதுபோல் அந்த வார்த்தை மறுபடி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

அடுத்த பயணத்துக்குக் காலையில் இரண்டு டேங்கையும் நிரப்பினார். எனக்குத் திக்கென்றது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து என் சீட்டில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன், திறக்கவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டியது. பலகை தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே இண்டிகேட்டர் போட்டு பங்க்குக்குள் திருப்பினார்.

பம்ப்பில் நின்றவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "டீசல் வேணாங்க. காத்து பாக்கணும்" என்று என் கணவர் சத்தமாகச் சொல்லிவிட்டு, வண்டியைக் காற்றுப் பிடிக்கிற இடத்துக்கு ஓட்டிப் போய் நிறுத்தினார். இறங்கி, என்னைப் பார்க்காமல், முன் டயருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

அப்போதிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் காற்றுப் பார்க்கிறோம். போகும்போது ஒரு தரம், வரும்போது எதிர்ப்பக்கத்து பங்க் ஒன்றில் ஒரு தரம். டயர் நாலும் புதுசு. வால்வு மூடியைத் திருகித் திருகியே தேய்ந்துவிட்டது. அவர் ஒவ்வொரு டயராகக் குந்தி எழுவதற்குள் நான் போய்விட்டு, முகம் கழுவி, தண்ணீரும் குடித்துவிட்டு வந்துவிடலாம். நான் கதவைத் திறந்து ஏறுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கடைசி டயரிலிருந்து எழுவார். என் மனைவிக்குக் கழிவறை வேண்டும், நிறுத்தினேன் என்று அவரால் பங்க்கில் சொல்ல முடியாது. அவரும் என்னைப் போலத்தான்.

போன வாரம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் அவரைக் காட்டிக் கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் எப்ப வந்தாலும் காத்து பாக்குறாரே, டயரெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அவர் பின் டயருக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தியிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அவருக்கு டயர்னா ரொம்பப் பயங்க" என்றேன்.